வாலிங்டன் டைரி: ஜமீனை ஊருக்கு எழுதிக் கொடுத்த ட்ரெவெல்யன்

முதல் நாள், செவ்வாய்

நியூகாசில் வந்து ஒரு வாரம் ஆச்சு. பையனும் மருமகளும் வேலைக்குப் போனதும் வீட்ல சும்மா உக்காந்திருக்க முடியல, அதான் இந்த அஞ்சு நாளையும் ஒரே ஒரு ஆளைத் தேடிப் போறதுக்குன்னு ஒதுக்கிட்டேன், தினமும் ராத்திரி உக்காந்து எழுதிப் போடறேன். அந்த ஆள் பேரு சார்லஸ் ஃபிலிப்ஸ் ட்ரெவெல்யன், வாலிங்டன்ங்கற குடும்ப மாளிகையையும் நிலத்தையும் ஊருக்கே எழுதிக் கொடுத்தவர். 1870ல பொறந்தவர், 1958ல காலமானவர். நம்மள்ல பெரும்பாலானவங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, இங்கிலாந்துலயே இன்னைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்னு சொல்ல முடியாது.

ஆனா ட்ரெவெல்யன்ங்கற பேரு சவுகார்பேட்டைக்காரங்களுக்குப் புதுசு இல்ல. ட்ரெவெல்யன் பேசின் தெருன்னு ஒண்ணு இருக்கு. நான் வடசென்னை கார்ப்பரேஷன் ஸ்கூல்ல 31 வருஷம் டீச்சரா இருந்தேன், தினமும் பஸ்ல அந்தப் பக்கமா போற ஆளு, அது யாரு பேருன்னு ஒரு நாளும் யோசிச்சது கிடையாது. ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம்தான் தேடிப் பாத்தேன். அது இவரோட தாத்தா, சர் சார்லஸ் எட்வர்ட் ட்ரெவெல்யன், 1859ல மெட்ராஸுக்கு கவர்னரா வந்தவர். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் காலத்துல ஆரம்பிச்சதுதான், பின்னாடி மூர் மார்க்கெட்டும் மிருகக்காட்சி சாலையும் இருந்த அதே இடம். தாத்தாவைத் தேடப் போயிதான் பேரன் கையில கிடைச்சார். பேரன் ரெண்டு தடவை இங்கிலாந்துல கல்வி மந்திரியா இருந்தவர்னு படிச்சதும் எனக்குள்ள என்னமோ பிடிச்சு இழுத்துச்சு, டீச்சர் புத்தி.

இன்னைக்கு ஊரைச் சுத்தினது மட்டும்தான். நியூகாசில் சென்ட்ரல் தொகுதிக்கு 1922ல இருந்து 1931 வரைக்கும் இவர்தான் லேபர் கட்சி எம்.பி. ஊர் நடுவுல ஒசரமா ஒரு தூண் நிக்குது, மேல எர்ல் கிரே சிலை, 1832 சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டு வந்த பிரதமர். அதைச் சுத்தித்தான் கடைகண்ணி எல்லாம், பசங்க படிக்கட்டுல உக்காந்து பர்கர் சாப்பிடறாங்க. இந்த கிரே குடும்பம் நாளைக்குக் கதைல வரும், ஞாபகம் வச்சுக்கங்க.

அப்படியே கீழ இறங்கி டைன் ஆத்தங்கரைக்குப் போனேன். ஹை லெவல் பிரிட்ஜ், 1849ல திறந்தது, ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டினது, மேல ரயிலு கீழ ரோடு. கைப்பிடிக் கம்பியைத் தொட்டா ஜில்லுன்னு இருக்கு, மேல ரயில் போகும்போது இரும்பு மொத்தமும் லேசா அதிருது, அது உள்ளங்கைல தெரியுது. ரொம்ப நேரம் அங்கயே நின்னுட்டேன்.

இரண்டாம் நாள், புதன்

இன்னைக்கு நியூகாசில் யூனிவர்சிட்டி லைப்ரரி. ட்ரெவெல்யன் குடும்பத்துக் கடுதாசி, காகிதம் எல்லாம் அங்க சிறப்புச் சேகரிப்புல இருக்கு. முன்கூட்டியே எழுதிக் கேட்டு வச்சிருந்தேன். பையை லாக்கர்ல வச்சிடணும், பேனா கூடாது பென்சில் மட்டும்தான், காகிதக் கட்டு ஒரு பெட்டியில வரும், ஸ்பாஞ்சு தலகாணி மாதிரி ஒண்ணு மேல வச்சு ஒவ்வொரு தாளா பொறுமையா திருப்பணும். அங்க இருந்த பொண்ணு, நான் இந்தியாவுல டீச்சரா இருந்தேன்னு சொன்னதும், தானே பக்கத்துல வந்து தாளை எப்படிப் பிடிக்கணும்னு காட்டிக் கொடுத்துச்சு.

கையெழுத்து கண்ணுக்குப் பழகவே முக்கால் மணி நேரம் ஆச்சு. அதுக்கு அப்புறமும் பாதி வார்த்தை பிடிபடல, ஆனா அது பரவாயில்ல, 1914 ஆகஸ்ட்னு தேதி போட்ட காகிதத்தை நேர்ல பாக்கணும்ங்கறதுக்குத்தான் போனேன்.

என்ன நடந்துச்சுன்னா, இவர் 1899ல இருந்து யார்க்‌ஷயர்ல எல்லண்ட்ங்கற மில்லு ஊருக்கு லிபரல் கட்சி எம்.பி. 1908ல கல்வித் துறைல இணை மந்திரி மாதிரியான பதவி. அப்பாவும் மந்திரியா இருந்தவர், தாத்தா கவர்னர், பாட்டி யாருன்னா மெக்காலேயோட கூடப்பொறந்த தங்கச்சி, ஆமாங்க நம்ம ஊர்ல எல்லாரும் திட்டற அதே மெக்காலேதான். ஹாரோ, கேம்பிரிட்ஜ்னு படிப்பு. அடுத்த படி ஏறறதுக்கு எல்லாமே தயாரா இருந்துச்சு. 1914 ஆகஸ்ட் மாசம் பிரிட்டன் போர்ல இறங்குது. வெளியுறவு மந்திரி சர் எட்வர்ட் கிரே, நேத்து சொன்னேன்ல அதே கிரே குடும்பம், இதே நார்தம்பர்லேண்ட்காரர், சொந்த ஊர்க்காரர் சொந்தக் கட்சிக்காரர். அவர் பிரான்ஸோட உள்ளுக்குள்ள பேசி வச்சுக்கிட்டு பார்லிமெண்ட்டுக்குச் சொல்லாமலே நாட்டைப் போருக்குக் கொண்டு போயிட்டார்ங்கறது இவரோட கோபம். கேபினெட்ல மார்லியும் ஜான் பர்ன்ஸும் விலகினாங்க. அதுக்குக் கீழ இருந்த மந்திரிகள்ல விலகினது இவர் ஒருத்தர்தான்.

விலகினதோட நிக்கல. ராம்சே மெக்டொனால்டு, நார்மன் ஏஞ்சல், மோரெல் இவங்களோட சேந்து யூனியன் ஆஃப் டெமாக்ரடிக் கன்ட்ரோல்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சார். ரகசிய ஒப்பந்தம் கூடாது, வெளியுறவு விஷயம் மக்கள் சபை கையில இருக்கணும், இதான் அவங்க கேட்டது. போர் நடக்கும்போது இதைப் பேசினா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. துரோகின்னாங்க, ஜெர்மன்காரன் கைக்கூலின்னாங்க, தொகுதி லிபரல் கட்சிக்காரங்களே கையை விரிச்சுட்டாங்க. 1918 எலெக்‌ஷன்ல அதே எல்லண்ட்ல நின்னு படுதோல்வி. 19 வருஷம் எம்.பி.யா இருந்த ஊரு.

அவர் தம்பி ஜி.எம். ட்ரெவெல்யன், பெரிய சரித்திர ஆசிரியர், அவர் அண்ணன் வழில போகல, இத்தாலி போர்முனைக்குப் போய் செஞ்சிலுவை ஆம்புலன்ஸ் படை நடத்தினார். ஒரே வீட்ல பொறந்த ரெண்டு பேரு.

இதே லைப்ரரில கெர்ட்ரூட் பெல் காகிதங்களும் இருக்கு, பாலைவனத்துல சுத்தி ஈராக் எல்லை போடறதுல கூட இருந்தாங்களே அவங்க. சார்லஸோட மனைவி மேரி, வீட்ல கூப்பிடறது மாலி, அவங்க கெர்ட்ரூட் பெல்லுக்கு மாற்றாந்தாய் வழித் தங்கச்சி. 1904ல கல்யாணம்.

தாத்தாவோட கடிதப் புத்தகங்களும் இங்க இருக்கு. அதை நான் கேட்கல. 1840ல இருந்து 1859 வரைக்கும் அவர் லண்டன்ல கருவூலத்துல பெரிய அதிகாரி. அயர்லாந்துல உருளைக்கிழங்கு அழுகிப் போய் பஞ்சம் வந்தப்போ நிவாரணம் மொத்தமும் அவர் கை வழியாத்தான் போச்சு. சந்தை பாத்துக்கும், அரசாங்கம் ரொம்பக் கொடுத்தா ஜனங்க சோம்பேறி ஆயிடுவாங்கன்னு நம்பின மனுஷன். செத்தவங்க சுமார் 10 லட்சம். இன்னைக்கும் அயர்லாந்துக்காரங்க பாட்டுல அந்தப் பேரைச் சொல்லித் தூத்தறாங்க. அந்தப் புத்தகங்களை இன்னொரு நாள் மனசு திடமா இருக்கும்போது கேக்கலாம்னு விட்டுட்டேன்.

மூணாம் நாள், வியாழன்

வாலிங்டன்! பையன் லீவு போட்டுட்டான், மருமகளும் வந்தா. நியூகாசில்ல இருந்து வடமேற்கால 20 மைல் இருக்கும், பாண்டீலண்ட், பெல்சேன்னு ஊரு தாண்டி கார் போகப் போக வீடே இல்ல, புல்லும் ஆடும், சுண்ணாம்பு சிமெண்ட் எதுவும் பூசாம கல்லு மேல கல்லு அடுக்கின குட்டைச் சுவரும்தான். ஒரு பாலத்து மேல வளைஞ்சு ஏறினா திடீர்னு வீடு தெரியுது. அந்தப் பாலமே 1755ல கட்டினது, கீழ ஓடறது வான்ஸ்பெக் ஆறு.

வீட்டு முன்னாடி புல்வெளில நாலு பெரிய கல் தலை, யாளி மாதிரி வாயைப் பிளந்துட்டு வரிசையா உக்காந்திருக்கு, உடம்பு இல்ல தலை மட்டும். சின்னப் பிள்ளைங்க மேல ஏறி உக்காருதுங்க. இங்க இருந்து நிலக்கரி ஏத்திட்டு லண்டனுக்குப் போற கப்பல் திரும்பி வரும்போது காலியா வந்தா கவுந்துடும்னு பாரத்துக்குக் கல்லு ஏத்திட்டு வருவாங்களாம், அப்படி 18ஆம் நூற்றாண்டுல வந்து சேந்த தலைங்க. நிலக்கரிதான் இந்த வீட்டுக்கும் மூலம். 1688ல இதைக் கட்டின சர் வில்லியம் பிளாக்கெட் நிலக்கரியிலயும் ஈயத்துலயும் சம்பாதிச்சவர். அப்புறம் கைமாறி கைமாறி ட்ரெவெல்யன் குடும்பத்துக்கு வந்து, 1879ல சித்தப்பா பெரியப்பா வழில நம்ம கவர்னர் தாத்தாவுக்கு வந்துச்சு.

உள்ள போனா நடுக்கூடம். அது முன்னாடி வானம் பாத்த முற்றம், நம்ம ஊர் முற்றம் மாதிரிதான், மழை பெஞ்சா உள்ள விழும். 1850கள்ல ஜான் டாப்சன்னு நியூகாசில் ஆர்க்கிடெக்ட் மேல கூரை போட்டு ரெண்டு மாடி ஒசரத்துக்கு ஒரு கூடமா மாத்தினார், சென்ட்ரல் ஸ்டேஷனைக் கட்டினதும் அவர்தான். அப்போ இருந்த வீட்டம்மா பாலின், கலை விமர்சகர் ஜான் ரஸ்கினோட சிநேகிதி. தூண்ல எல்லாம் காட்டுப் பூ, கோதுமைக் கதிருன்னு வரைஞ்சிருக்காங்க, ஒரு தூணு ரஸ்கினே வரைஞ்சது.

சுவர்ல கீழ எட்டு பெரிய படம், வில்லியம் பெல் ஸ்காட் வரைஞ்சது, நார்தம்பர்லேண்ட் சரித்திரம் மொத்தமும். ரோமாபுரிக்காரன் சுவர் கட்டறதுல இருந்து ஆரம்பிச்சு கடைசி படம் இரும்பும் நிலக்கரியும். அந்தக் கடைசி படத்துக்கு முன்னாடி நான் நின்ன நேரத்துக்கு, பையன் ரெண்டு தடவை வந்து "அம்மா, போலாமா"ன்னு கேட்டுட்டுப் போயிட்டான். மூணு ஆளுங்க சம்மட்டியைத் தூக்கி ஓங்கிட்டு நிக்கறாங்க, சட்டைக் கை மடிச்சு விட்டிருக்கு, பின்னாடி நான் முந்தாநாள் தொட்டுப் பாத்த அதே ஹை லெவல் பிரிட்ஜ் மேல ரயிலு போகுது. முன்னாடி ஓரத்துல ஒரு சின்னப் பொண்ணு. பீரங்கிக் குழாய் மேல உக்காந்திருக்கு. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருக்கு, மடில கணக்குப் புஸ்தகம். அவ்ளோ சத்தத்துக்கும் அனலுக்கும் நடுவுல மடியில கணக்குப் புஸ்தகம்! 1861ல வரைஞ்சது. அப்போ இங்கிலாந்துல எல்லாப் பிள்ளைங்களும் பள்ளிக்கூடம் போகணும்னு சட்டமே கிடையாது.

சார்லஸுக்கு 9 வயசு ஆகும்போதுல இருந்து இந்தப் படம் அவர் குடும்பத்து வீட்டுச் சுவர்ல. சாப்பிடப் போக, படுக்கப் போக இதைத் தாண்டித்தான் போயிருப்பார். பின்னாடி அவர் செஞ்சதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் நிரூபிக்க முடியாது, ஆனா எனக்கு அப்படித்தான் தோணுது.

ஏன்னா லேபர் கட்சிக்கு வந்தப்புறம் இவர் மந்திரியா இருந்தது கல்வித் துறைலதான். 1924ல முதல் லேபர் அரசாங்கம், பத்து மாசம்கூட ஓடல, அதுக்குள்ள முன்னாடி இருந்தவங்க வெட்டின பள்ளிக்கூடச் செலவைத் திருப்பிக் கொடுத்தார், உயர்நிலைப் பள்ளில இலவச இடத்தை அதிகமாக்க வழி பண்ணார், பதினோரு வயசுக்கு மேல பிள்ளைங்க என்ன படிக்கணும்னு யோசிக்க ஹாடோ கமிட்டிகிட்ட வேலையை ஒப்படைச்சார். 1929ல திரும்ப மந்திரி. இந்த முறை ஒரே குறி. பள்ளிக்கூடத்தை விட்டு நிக்கற வயசை 14ல இருந்து 15 ஆக்கணும். அதோட முக்கியமான ஒண்ணு, அந்த ஒரு வருஷம் பிள்ளை வேலைக்குப் போகாததால ஏழை வீட்டுக்கு நஷ்டம் ஆகுதுல்ல, அதை ஈடுகட்ட அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கணும். நம்ம காமராஜர் சோறு போட்டு பிள்ளைங்களை உள்ள கொண்டு வந்தாரே, அதே நாடிதான். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வராததுக்குக் காரணம் பிள்ளை கிட்ட இல்ல, அடுப்புல இருக்குன்னு புரிஞ்சவங்க செய்யற வேலை.

மசோதா என்ன ஆச்சு? ஆரம்பத்துலயே இழுபறி. அப்புறம் கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களுக்குக் கட்டடச் செலவுக்குப் பணம் தந்தாத்தான் ஆச்சுன்னு சொந்தக் கட்சி எம்.பி.ங்களே ஒரு திருத்தம் கொண்டு வந்து அரசாங்கத்தையே தோக்கடிச்சாங்க. 1931 பிப்ரவரில பிரபுக்கள் சபை மொத்தமா தூக்கிப் போட்டுடுச்சு. மெக்டொனால்டு, 1914ல தோளோடு தோள் நின்ன அதே மனுஷன், இப்போ பிரதமர், இதுக்காகச் சண்டை போடத் தயாரா இல்ல. மார்ச் மாசம் ட்ரெவெல்யன் ராஜினாமா. 17 வருஷத்துல ரெண்டாவது தடவை. அந்த வருஷக் கடைசியில எலெக்‌ஷன்ல நியூகாசில் தொகுதியும் போச்சு, அதுக்கு மேல பார்லிமெண்ட் பக்கமே திரும்பல.

அந்த 15 வயசு என்ன ஆச்சுன்னு கேட்டீங்கன்னா, 1936ல வேற அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு 1939 செப்டம்பர் 1ல இருந்து அமல்னு தேதி குறிச்சுது. அன்னைக்குத்தான் ஹிட்லர் போலந்துக்குள்ள நுழைஞ்சான். நின்னு போச்சு. கடைசில 1947 ஏப்ரல்லதான் நடந்துச்சு. 1931ல இருந்து 1947 வரைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்க, 16 வருஷத்துப் பிள்ளைங்க. 14 வயசுல மில்லுக்கும் சுரங்கத்துக்கும் போனவங்க.

எங்க அக்காவை எட்டாவதோட நிறுத்தினாங்க. 14 வயசு. அப்பாவுக்கு உடம்பு முடியல, அக்கா அட்டைப்பெட்டி ஒட்டப் போனா, அந்தக் காசுலதான் நான் படிச்சேன், டீச்சர் ட்ரெயினிங் முடிச்சேன். இன்னைக்கு வாலிங்டன் டீ கடைல உக்காந்து அவளுக்குப் போன் போட்டு அந்தப் படத்தைப் பத்திச் சொன்னேன். பூராத்தையும் கேட்டுட்டு, "அந்தப் பொண்ணு மேல படிச்சாளாடி?"ன்னா. படம்தான்க்கா, நிஜப் பொண்ணு இல்லன்னு சொல்ல வாய் வரல. தெரியலக்கான்னேன்.

மாடில மாலி அம்மா போட்ட பெரிய தையல் படம் ஒண்ணு தொங்குது. குதிரை மேல ஒரு வீரன் கடலை நீந்திக் கரை ஏறறான், அதுதான் அந்தக் குடும்பத்து மூதாதைக் கதையாம். 1910ல ஆரம்பிச்சு 1933ல முடிச்சாங்க, 23 வருஷம். கிட்டப் போய்ப் பாத்தா ஒவ்வொரு தையலும் அரிசி அளவுகூட இல்ல. இவர் ரெண்டு தடவை பதவியை விட்டு வீட்டுக்கு வந்தப்பவும் இந்த அம்மா இந்த ஊசியோடதான் உக்காந்திருந்திருப்பாங்க. மெக்காலே எழுதின மேஜையும் இருக்கு, பாத்தேன், அதை எல்லாரும் போட்டோ எடுத்தாங்க, எனக்குத் தையல் முன்னாடியே போதும்னு இருந்துச்சு.

நாலாம் நாள், வெள்ளி

திரும்பவும் வாலிங்டன். வீட்டுக்குள்ள போகல, வெளி மட்டும். மருமக மட்டும் வந்தா, "அத்தை, நேத்து நீங்க நிலத்தைப் பத்திச் சொல்லவே இல்லையே"ன்னு கேட்டுட்டே கார் ஓட்டினா. சரி சொல்றேன்.

இவர் பாரோனெட். பாரோனெட்னா லார்டு இல்ல, பேருக்கு முன்னாடி சர் வரும், அப்பாவுக்கு அப்புறம் மூத்த பையனுக்குப் பட்டம் போகும், ஆனா பிரபுக்கள் சபைல சீட்டு கிடையாது, அதனாலதான் எலெக்‌ஷன்ல நின்னு எம்.பி. ஆக முடிஞ்சுது. இந்தப் பட்டம் தாத்தாவுக்கு 1874ல கொடுத்தது, இவர் மூணாவது ஆளு. 1928ல அப்பா 90 வயசுல போனதும் பட்டமும் வாலிங்டனும் இவருக்கு வந்துச்சு. நிலம் 13,000 ஏக்கருக்கு மேல. பண்ணைங்க, காடு, கேம்போங்கற கிராமம் எல்லாம் சேத்து.

இப்போ இவர் யாரு, சோஷலிஸ்ட். நிலத்து மதிப்புக்கு வரி போடணும்னு வாலிப வயசுலயே மேடை மேடையா பேசின ஆளு. 1908லயே மலை, மேட்டு நிலத்துல எல்லாம் ஜனங்க நடக்க உரிமை வேணும்னு பார்லிமெண்ட்ல மசோதா கொண்டு வந்தவர், அது நிறைவேறல, அந்த உரிமை இங்கிலாந்துக்காரங்களுக்குச் சட்டமா கிடைச்சது 2000ல. இப்படிப்பட்டவர் கைல 13,000 ஏக்கர். வந்ததும் வீடுங்களை ரிப்பேர் பண்ணி, எஸ்டேட்ல வேலை செய்யறவங்களுக்குப் பிள்ளை குட்டி கணக்குக்குத் தனியா உதவித்தொகை கொடுக்க ஆரம்பிச்சார், அரசாங்கம் அதைச் செய்யறதுக்கு ரொம்ப முன்னாடி.

அப்புறம்தான் பெரிய காரியம். வீடு, உள்ள இருக்கற சாமான், படம், புஸ்தகம், நிலம் எல்லாத்தையும், பழைய வீடு நிலத்தையெல்லாம் ஜனங்களுக்காகப் பாதுகாக்கற நேஷனல் டிரஸ்ட்ங்கற அமைப்புக்கு எழுதி வைக்கறேன்னு 1930கள்ல அறிவிச்சார், 1941ல எழுதிக் கொடுத்துட்டார். போர் நடந்துட்டிருக்கு. உயிரோட இருக்கும்போதே இவ்ளோ பெரிய எஸ்டேட்டை அப்படியே கொடுத்த முதல் ஆளு அவர்தான். விக்கக் கூடாது, பிரிக்கக் கூடாது, ஜனங்க வந்து பாக்கணும், நடக்கணும்.

இதுக்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். சாகற வரைக்கும் அவரும் மனைவியும் அந்த வீட்லயேதான் இருந்தாங்க, ஒப்பந்தம் அப்படி. மூத்த பையன் ஜார்ஜ், இது தனக்கு வரும்னு நினைச்சு வளந்தவர், அவருக்கு வரல, அது அவருக்கு ஆறாத வருத்தம். ஊருக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி பையன்கிட்ட உக்காந்து பேசியிருக்கலாமேன்னு ஒரு அம்மாவா எனக்குத் தோணுது. ஆனா கொடுத்தது தப்புன்னு தோணல. தோட்டத்துல நேத்து பாத்தேன், சக்கர நாற்காலில ஒரு பாட்டி, மூணு பேரப் பிள்ளைங்க, கல் தலை மேல ஏறி இறங்கிட்டு. அந்தப் புல்லு அவங்களோடதுதான்.

ட்ரெவெல்யன் சொந்தபந்தத்துக்கு கிரெனடாத் தீவுல ஆறு கரும்புத் தோட்டம் இருந்துச்சு, ஆயிரம் அடிமைகளுக்கு மேல வச்சிருந்தாங்க, அடிமை முறையை ஒழிச்சப்போ நஷ்டஈடு வாங்கினது அடிமைங்க இல்ல, இவங்க குடும்பம். 2023 பிப்ரவரில இந்தக் குடும்பத்துல சில பேர் கிரெனடாவுக்கே போய் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டாங்க. தாத்தா கணக்கு, அதுக்கு முன்னாடி இருந்தவங்க கணக்கு, எல்லாம் சேந்துதான் இந்த வீட்டுக் கதை. சார்லஸ் ஃபிலிப்ஸை நல்லவர்னு சொல்றதுக்காக நான் அதைத் தள்ளி வைக்க முடியாது.

மெட்ராஸ் தாத்தா விஷயத்துல ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். கல்கத்தாவுல ஜேம்ஸ் வில்சன் இந்தியா மேல வருமான வரி போடக் கொண்டு வந்த திட்டத்தை, கவர்னரா இருந்துட்டே எதிர்த்து எழுதி, அதைப் பத்திரிகைல வெளில விட்டுட்டார் தாத்தா. 1860லயே திருப்பிக் கூப்பிட்டுட்டாங்க, ஒரு வருஷம் சொச்சம்தான் கவர்னர். பதவி போனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்ற குணம் அங்கேருந்துதான் வந்திருக்குமோ என்னமோ. ஆனா அயர்லாந்துல பசிச்சவனுக்கு ஏன் அந்தக் குணம் உதவல? இதை யோசிச்சுட்டேதான் ஆத்துப் பக்கம் இறங்கினேன்.

வான்ஸ்பெக் ஆத்துல குறுக்கால கல்லு போட்டிருக்காங்க, ஒண்ணு விட்டு ஒண்ணு தாண்டித் தாண்டிக் கடக்கணும். ராத்திரி மழை பெஞ்சதால கல்லு வழுக்கல், தண்ணி டீ டிகாஷன் நிறத்துல ஓடுது, பீட் மண்ணுல ஊறி வர்ற தண்ணிக்கு அந்த நிறம். மருமக முன்னாடி போய் நின்னு கையை நீட்டினா, "அத்தை, கீழ பாக்காதீங்க, என் கையைப் பாருங்க". நடுவுல நின்னு ஒரு நிமிஷம் சத்தம் மட்டும் கேட்டேன். இந்த எஸ்டேட்ல 2023ல நீர்நாய் மாதிரி இருக்கற, மரத்தை வெட்டி அணை கட்டற பீவரை விட்டிருக்காங்க, கண்ணுல படல. செவப்பு அணில் ஒண்ணு பாத்தோம், நம்ம அணிலை விடப் பெருசு, காதுல முடி.

கேம்போ கிராமத்துல பத்து நிமிஷம். பள்ளிக்கூடமா இருந்த கட்டடம் இருக்கு, தோட்டக்கலை மேதை கேப்பபிலிட்டி பிரவுன் படிச்சது இந்த ஊர்லதான், பக்கத்துல கிர்க்ஹார்ல்ல பொறந்தவர். சர்ச்சு, நாலு தெரு, அவ்ளோதான்.

அஞ்சாம் நாள், சனி

ஒரு விஷயம் விட்டுப் போச்சு. 1939ல இவரை லேபர் கட்சியை விட்டே தூக்கிட்டாங்க. ஹிட்லரை எதிர்க்க எல்லாக் கட்சியும் ஒண்ணா சேரணும்னு ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் சொன்னார், அவரோட நின்னதுக்குத் தண்டனை. அந்தப் பட்டியல்ல அன்யூரின் பெவனும் உண்டு, பின்னாடி எல்லாருக்கும் இலவச வைத்தியம் கொண்டு வந்தவர். அப்போ ட்ரெவெல்யனுக்கு 68 வயசு, அதே நேரத்துல ராஜாவோட பிரதிநிதியா நார்தம்பர்லேண்டுக்கு லார்டு லெப்டினன்ட்டாவும் இருந்தார், 1930ல இருந்து 1949 வரைக்கும். அவர் சொன்னது எல்லாமே சரின்னு நான் சொல்ல மாட்டேன், சோவியத் ரஷ்யாவை ரொம்ப நம்பினார், அங்க நடந்த கொடுமையைப் பாக்கல.

போக விரும்பறவங்களுக்கு: கார் இல்லாம வாலிங்டன் போறது கஷ்டம், கிட்டத்துல ரயில் வேணும்னா மார்பெத் ஸ்டேஷன், அங்கேருந்து 12 மைல், டாக்ஸிதான். நான் போன வாரம் ஒரு பஸ்ஸை நம்பி ஒண்ணரை மணி நேரம் மழைல நின்னுட்டுத் திரும்பி வந்தேன், அதனால நேரத்தை நல்லா விசாரிச்சுக்கங்க. வீட்டுக்கு அரை நாள், தோட்டம் காடு ஆத்தங்கரைக்கு அரை நாள் வைங்க. சாப்பாட்டுக்கு சூப்பு ஸ்கோன் கிடைக்கும், நான் புளிசாதம் கட்டிட்டுப் போயிட்டேன், பெஞ்சுல உக்காந்து சாப்பிட்டோம்.

சாயங்காலம் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னாடி சவுத் ஸ்ட்ரீட்டுக்குத் தனியா நடந்து போனேன். ராபர்ட் ஸ்டீபன்சன் கம்பெனி ரயில் இன்ஜின் செஞ்ச இடம், 1823ல ஆரம்பிச்சது, அந்தப் படத்துல சம்மட்டி அடிக்கறது இந்தப் பட்டறைலதான். பழைய செங்கல் கட்டடம் கொஞ்சம் மிச்சம் இருக்கு. சனிக்கிழமைங்கறதால ஆளே இல்ல, மேல ரயில் போற சத்தம் மட்டும். சுவரோரமா ஒரு கல்லு இருந்துச்சு, அதுல உக்காந்து, கைல இருந்த நோட்டை மடில வச்சு, அந்தப் பக்கமா வந்த ஒரு பையன்கிட்ட போனைக் கொடுத்து போட்டோ எடுக்கச் சொன்னேன். ரெண்டு தடவை எடுத்தான், ஒண்ணுல கண்ணை மூடியிருந்தேன்.

நல்லா இருந்ததை அக்காவுக்கு அனுப்பினேன். அங்க ராத்திரி பத்தரை இருக்கும், தூங்கியிருப்பான்னுதான் நினைச்சேன். ரெண்டு நிமிஷத்துல நீல டிக் வந்துடுச்சு.